ரோடு படுத்தினால் யாரைப் பிடிப்பது? வட சென்னைத் தெருக்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வட சென்னையில் ரோட்டைப் பற்றிப் புலம்பாத வீடு கிடையாது. ஆனால் புலம்பலில் பாதி, சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பாதாள சாக்கடை மூடி உடைந்ததற்கு மாநகராட்சியைத் திட்டுவோம். மழைநீர் வடிகால் அடைப்புக்குக் குடிநீர் வாரியத்துக்குப் போன் போடுவோம். துறைமுக ரோட்டுப் பள்ளத்துக்குக் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்போம். எங்கே போனாலும் ஒரே பதில்தான்: "இது எங்களுது இல்லீங்க." பல நேரம் அது உண்மையும்கூட.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். அது தெரியாமல் கொடுக்கிற புகார் மேஜைக்கு மேஜை சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

## எதற்கும் முன்: இந்த ரோடு யார் கையில் இருக்கிறது?

வீட்டு வாசல் தெரு, சந்து, குறுக்குத் தெரு எல்லாம் பெருநகர சென்னை மாநகராட்சியின் உட்புறச் சாலைகள். இவற்றை அந்தந்த மண்டல அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6 என்பது மண்டல எண். தெருப் பெயர்ப் பலகையிலேயே மண்டலமும் வார்டும் எழுதியிருக்கும். வார்டுக்குப் பொறுப்பு உதவிப் பொறியாளர். அலுவலகத்தில் 'ஏ.இ.' என்று கேட்டால்தான் சட்டென்று புரியும்.

மாநகரப் பேருந்து ஓடும் பெரிய சாலை என்றால் மாநகராட்சியேதான், ஆனால் துறை வேறு. பேருந்து தடச் சாலைகள் துறை என்று தனியாக ஒன்று ரிப்பன் மாளிகையில் இருக்கிறது. நகரம் முழுக்க சுமார் 387 கிலோமீட்டர் இவர்கள் பொறுப்பு. வார்டு ஏ.இ.யிடம் போய் பஸ் ரூட்டில் பள்ளம் என்றால் கையை விரிப்பார். அவர் மேல் தப்பில்லை.

மூன்றாவது, மாநில நெடுஞ்சாலைத் துறை. திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பஞ்செட்டி போகும் சாலை, மாதவரம் பக்கத்து உள்வட்டச் சாலை போன்றவை இவர்களுடையவை. இவற்றின் பள்ளத்தைப் புகைப்படத்தோடு அனுப்ப 'நம்ம சாலை' என்ற செயலியை 2023-இல் கொண்டுவந்தார்கள். நான்காவது, தேசிய நெடுஞ்சாலை ஆணையம். மாதவரத்தைத் தாண்டிச் செங்குன்றம் வழியாகக் கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையும், எண்ணூர் விரைவுச் சாலை போன்ற துறைமுக இணைப்புச் சாலைகளும் அவர்கள் கணக்கு. அங்கே கூப்பிட வேண்டிய எண் 1033.

மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களை இந்த நான்கிலும் சேர்க்காதீர்கள். தடுப்பை ஒட்டிய தடத்தை வண்டி ஓடும்படி வைத்திருப்பது மெட்ரோ நிறுவனமும் அதன் ஒப்பந்தக்காரரும் செய்ய வேண்டிய வேலை. தடுப்புப் பலகையிலேயே பெரும்பாலும் தொடர்பு எண் இருக்கும்.

மாநகராட்சிக்கு 1913. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913 என்பதால் மறக்காது. குடிநீர், கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம்: 1916 அல்லது 044-45674567. மின்சாரத்துக்கு மின்னகம்: 94987 94987. இந்த எண்களை எழுதிப் ப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

## பள்ளம் விழுகிறது, மூடுகிறார்கள், மறுபடி விழுகிறது

பள்ளத்தைப் பார்த்ததும் போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தார் ரோட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். வண்டி இரண்டாவதுதான். அந்தத் தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மழை பெய்து நாளாகியும் பள்ளத்தில் ஈரம் காயவில்லை என்றால் கீழே குழாய் கசிகிறது. காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஊறி, மதியத்துக்குள் வற்றினால் அது குடிநீர்க் குழாய். எந்நேரமும் கறுப்பாக, நாற்றத்தோடு நின்றால் கழிவுநீர். இரண்டுக்கும் முதல் புகார் போக வேண்டியது 1916-க்கு. 1913-க்கு மட்டும் சொன்னால் அவர்கள் வந்து தாரைக் கொட்டிவிட்டுப் போவார்கள். கசிவு நிற்காத இடத்தில் எந்தத் தாரும் ஒட்டாது. அதே ஆண்டில் அதே பள்ளத்துக்குத் திரும்பத் திரும்பச் செலவு எழுதப்படுவது இப்படித்தான்.

தார் உடையவில்லை, ஆனால் ரோடு வட்டமாக உள்வாங்கியிருக்கிறது, அதுவும் பாதாள சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் என்றால் அதைச் சாதாரணப் பள்ளமாக எண்ணாதீர்கள். கீழே கழிவுநீர்க் குழாய் உடைந்து, சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இழுக்கப்படுகிறது. மேலே தெரிவது தட்டு அளவு. உள்ளே ஆட்டோ கவிழும் அளவுக்குக் குடைந்திருக்கலாம். அந்த இடத்தில் எதையாவது நிறுத்தி வண்டிகளைத் தள்ளி அனுப்புங்கள், 1916-க்குச் சொல்லுங்கள், போலீசுக்கும் 100-இல் சொல்லிவிடுங்கள். தடுப்பு வைக்க அவர்களால்தான் உடனே முடியும்.

தார் மேல் வலைப்பின்னலாக விரிசல், வண்டி ஏறும்போது விரிசல் வழியாகச் சேறு பிதுங்குகிறது என்றால் அடிப்படையே நைந்துவிட்டது. ஜல்லிப் படுகைக்குள் தண்ணீர் புகுந்து மண்ணைக் கரைத்துவிட்டது. இதற்குப் பேட்ச் ஒர்க் கேட்காதீர்கள். 'அந்த நீளத்துக்குத் தோண்டி, ஜல்லி நிரப்பி, மேலே தார் போடணும்' என்று எழுதிக் கேளுங்கள். உடனே கிடைக்காது, மதிப்பீடு, டெண்டர் என்று இழுக்கும். ஆனால் கேட்காமல் விட்டால் பட்டியலிலேயே ஏறாது.

பஸ் ஸ்டாப்பிலும் சிக்னலிலும் ரோடு அலையலையாக மடிந்து, சக்கரத் தடம் வாய்க்காலாகிக் கிடந்தால் அது பாரம் செய்த வேலை. நம் பகுதிக்கே உரிய வியாதி இது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் ட்ரெய்லர், மணலியிலிருந்து வரும் டேங்கர் இரண்டும் பிரேக் போட்டு நிற்கும் இடங்களில் தார் முன்னால் தள்ளப்படுகிறது. அச்சு மேல் ஏறும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏறும் சேதம் சுமார் 16 மடங்கு என்பது சாலைப் பொறியியலில் பழைய கணக்கு. பைக்கும் ஆட்டோவும் ஆயுளுக்கும் ஓடினாலும் செய்யாத சேதத்தை, ஓவர்லோடு ட்ரெய்லர் சில மாதத்தில் செய்துவிடும். இந்த மாதிரி இடங்களில் கான்கிரீட் பட்டை அல்லது பேவர் பிளாக் பதிக்கச் சொல்வதுதான் உருப்படியான கோரிக்கை.

பள்ளம் மூட ஆள் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட்ட நின்று பாருங்கள். ஒழுங்கான வேலை என்றால் உடைந்த விளிம்பை முதலில் சதுரமாக வெட்டுவார்கள். உள்ளே கிடக்கும் தூசி, சேறு, தளர்ந்த ஜல்லி எல்லாம் வெளியே வரும். ஓரங்களிலும் அடியிலும் நீர்த்த தாரைப் பூசுவார்கள். அப்புறம்தான் கலவை. கடைசியில் ரோலரோ, கையால் தள்ளும் அதிர்வு இயந்திரமோ ஓட வேண்டும். மூடிய இடம் சுற்றியுள்ள ரோட்டைவிட ஒரு நூல் மேடாக நிற்கும், வண்டி ஓடச் சமமாகும்.

நம் தெருவில் பார்ப்பது என்ன? மினி வேன் வந்து நிற்கும். ஒருவர் மூட்டையைப் பிரித்துக் குளத்தில் தீவனம் போடுவதுபோல் கலவையைத் தண்ணீரோடு கிடக்கும் பள்ளத்துக்குள்ளேயே கொட்டுவார். இன்னொருவர் மண்வெட்டியின் பின்பக்கத்தால் நாலு தட்டு தட்டுவார். பால் வாங்க வந்த அம்மா கேட்பார், "தம்பி, தண்ணிய இறைச்சுட்டுப் போடக் கூடாதா?" "ஒரு மூட்டதான் குடுத்தாங்கக்கா, இன்னும் ஆறு தெரு போகணும்." அந்தப் பையனைத் திட்டிப் புண்ணியமில்லை. மழைக்காலத்துக்கென்று இருக்கும் கோல்டு மிக்ஸ், அதாவது சூடாக்காமல் போடும் தார்க் கலவை, அவசர மருந்துதான், அதை யாரும் நிரந்தரம் என்று சொல்வதில்லை. மழை நின்றதும் அதே இடத்தில் சூடான கலவையால் முறையாக மூட வேண்டும். ஆகவே ஜனவரியில் மறுபடி புகார் கொடுங்கள், பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள்.

## வெட்டினார்கள், போனார்கள், ரோடு அப்படியே கிடக்கிறது

மாநகராட்சி ரோட்டை யார் வெட்டினாலும் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். குடிநீர் வாரியம், மின்வாரியம், கேபிள் கம்பெனி யாராக இருந்தாலும் சரி. வெட்டுகிற அளவுக்குச் சீரமைப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். எனவே வெட்டும்போதே போய் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கொடுக்காவிட்டாலும் துறை, நீளம், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு மாதம் கழித்து யாரும் "நாங்க வெட்டல" என்று சொல்ல முடியாது.

வெட்டிய இடம் மூடிய பிறகு பள்ளமாக இறங்கினால் மண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல் அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்ணை ஒரே மூச்சில் மேல் வரை நிரப்பிவிட்டு மேலே மட்டும் ரோலர் விட்டால் அடியில் இறுகாது. அடுக்கடுக்காக நிரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். இறங்கிய நிலையில் மேலே தார் போடச் சொல்லாதீர்கள். முதலில் மண் நிரப்பச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ரோடு வெட்டுவதை நிறுத்தச் சொல்லி மாநகராட்சி ஆண்டுதோறும் அறிவிப்பு விடும். அதற்குப் பிறகும் அவசர வேலை இல்லாமல் யாராவது வெட்டினால் 1913-க்கு உடனே சொல்லலாம். அறிவிப்பு வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் எல்லாரும் அடித்துப் பிடித்து வெட்டுவதைத் தடுக்கத்தான் இன்னும் வழியில்லை.

## மழை நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கிறது

வட சென்னைக்கு இது ரோட்டுப் பிரச்சினையாகத் தெரியும் கடல் பிரச்சினை. தரை மட்டம் தாழ்வு. நம் பகுதித் தண்ணீரில் பெரும்பங்கு கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், ஓட்டேரி நல்லா என்ற ஓடை வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. வடக்கே போகும் தண்ணீர் எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து கடலுக்குப் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மட்டம் ஏறும் நேரத்தில் மழை கொட்டினால் கால்வாய் வாங்காது. காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் மண் மேடிட்டிருந்தால் இன்னும் மோசம்.

ஆக, தண்ணீர் நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உங்கள் தெருவை அல்ல. நடந்து போகும் தூரத்தில் உள்ள கால்வாயைப் பாருங்கள்.

கால்வாய் விளிம்பு வரை நிறைந்து, தண்ணீர் நகராமல் நின்றால் உங்கள் தெரு வடிகாலில் குறை இல்லை. மோட்டார் வைத்து இறைத்தாலும் எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. இந்த நிலையில் அவசரத் தேவை படகோ, சாப்பாடோ, மின்இணைப்பைத் துண்டிப்பதோதான். வடிகால் புகாரைப் பிறகு கொடுக்கலாம்.

கால்வாயில் இடம் இருக்கிறது, தெருவில் மட்டும் தண்ணீர் நிற்கிறது என்றால் நடுவில் அடைப்பு. ரோட்டோரம் சல்லடை மாதிரி இரும்பு மூடி போட்ட குழிகள் இருக்கும். தண்ணீர் வடிகாலுக்குள் இறங்குகிற வாய் அதுதான். அதன் மேல் பிளாஸ்டிக் கவரும் இலையும் படிந்திருந்தால் குச்சியால் விலக்கினாலே சுழித்துக்கொண்டு இறங்கும். விலக்கியும் இறங்கவில்லை என்றால் அடியில் உள்ள வண்டல் தொட்டி நிறைந்திருக்கிறது. 1913-க்குச் சொல்லும்போது 'தெருவில் தண்ணீர்' என்று சொல்லாதீர்கள். 'இன்ன வீட்டு எண்ணுக்கு எதிரே உள்ள வண்டல் தொட்டி அடைத்திருக்கிறது' என்று சொல்லுங்கள். முன்னது புலம்பல், பின்னதுக்கு ஆள் அனுப்ப முடியும். மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது.

புதிதாகக் கட்டிய வடிகால், அடைப்பும் இல்லை, ஆனாலும் இறங்கவில்லை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, அடுத்த தெரு வடிகாலோடு இணைக்காமல் விட்டிருக்கிறார்கள். வட சென்னையில் கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கான வடிகால் திட்டம் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடந்தது. இவ்வளவு பெரிய வேலையில் மரம், மின்கம்பம், குடிநீர்க் குழாய், கோயில் சுவர் குறுக்கே வந்த இடங்களில் துண்டு துண்டாக நின்றுவிடுவது சகஜம். விட்டுப்போன அந்த இணைப்பு எங்கே என்று கண்டுபிடித்துச் சொன்னால் அதைவிடப் பயனுள்ள புகார் இல்லை. இரண்டாவது சந்தேகம், மட்டம். வடிகாலின் வாய் ரோட்டைவிட மேலே இருந்தால் தண்ணீர் ஏறிப் போகாது. ஒரு நூல் கயிறும் பாட்டில் தண்ணீரும் போதும், இதைச் சோதித்துவிடலாம்.

கோடையிலும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா? யாரோ கழிவுநீரை அதில் விட்டிருக்கிறார்கள். சட்டப்படி தப்பு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் போன்ற பழைய நகராட்சிப் பகுதிகளில் பாதாள சாக்கடை முன்பே எல்லாத் தெருவுக்கும் வந்துவிடவில்லை. அந்தக் காலத்து இணைப்புகள் பல அப்படியே தொடர்கின்றன. பக்கத்து வீட்டோடு சண்டை வேண்டாம். குடிநீர் வாரியத்தின் டிப்போவில், அதாவது உங்கள் பகுதி அலுவலகத்தில், சொன்னால் போதும்.

கணேசபுரம் மாதிரிச் சுரங்கப்பாதைகளின் கதை தனி. மேலே பாலம் ரயில்வேயுடையது, கீழே ரோடும் மோட்டாரும் மாநகராட்சியுடையவை. தடுப்பு வைத்திருந்தால் 'பைக் போயிடும்' என்று இறங்காதீர்கள். ரோட்டின் ஓரத்தில் பார்ப்பதைவிட நடுவில் ஆழம் எப்போதும் அதிகம்.

## மூடி இல்லை

இதற்கு நோய் கண்டறிதல் எல்லாம் வேண்டாம். முதலில் கிளை, டயர், உடைந்த நாற்காலி எதையாவது செருகிச் சிவப்புத் துணி கட்டுங்கள். இரவாக இருந்தால் வெள்ளைத் துணி. பிறகு போன்.

ரோட்டு நடுவே வட்டமான மூடி பெரும்பாலும் கழிவுநீருடையது, 1916. ஓரத்தில் நீள்சதுரச் சிமெண்ட் பலகை மழைநீர் வடிகாலுடையது, 1913. சின்ன மூடியும் கேபிளும் தெரிந்தால் தொலைபேசிக் கம்பெனி. சந்தேகமாக இருந்தால் 1913, 1916 இரண்டிலும் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் இரட்டைப் புகார் தப்பே இல்லை.

## தெருவிளக்கு

வீடுகளிலும் கரண்ட் இல்லை என்றால் மின்னகம். வீடுகளில் இருக்கிறது, விளக்கு வரிசையே எரியவில்லை என்றால் சுவிட்ச் பாக்ஸோ கேபிளோ போய்விட்டது. அது மாநகராட்சி மின்துறை, 1913. ஒரே ஒரு விளக்கு என்றால் அந்தக் கம்பத்து விளக்கு மட்டும் பழுது. பட்டப்பகலில் எரிந்தால் டைமர் கெட்டிருக்கிறது. விட்டு விட்டு எரிந்தால் இணைப்பு லூஸ், மழைக்காலத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண் இருக்கும். அதைச் சொல்லுங்கள். 'டீக்கடை எதிரே' என்றால் அந்தத் தெருவில் எத்தனை டீக்கடை என்று உங்களுக்கே தெரியும். மழை நேரத்தில் கம்பத்தையும், மூடி திறந்த பில்லர் பாக்ஸையும் (ரோட்டோர மின்பெட்டி) தொடாதீர்கள், தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு கிட்டேயும் போகாதீர்கள்.

## புது ரோடு வந்தது, வீடு பள்ளமானது

பழைய தாரின் மேலேயே புதுத் தாரை அடுக்கிக்கொண்டே போனதால் வந்த வினை. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வாசற்படி மூன்றில் இரண்டு ரோட்டுக்குள் புதைந்துபோன வீடுகள் உண்டு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். வேலை நடப்பதற்கு முதல் நாளே கவனியுங்கள். மில்லிங் இயந்திரம் வந்து ரோடு வரிவரியாகச் சுரண்டப்பட்டிருந்தால் சரி. சுரண்டாமலே தார் வண்டி வந்து நின்றால் அங்கேயே கேளுங்கள், ஏ.இ.யைக் கூப்பிடச் சொல்லுங்கள். போட்டு முடித்த பிறகு பேசிப் பயனில்லை, யாரும் புது ரோட்டைப் பெயர்க்க மாட்டார்கள். வாசல் சுவரில் ரோட்டு மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல சாட்சி.

## நெரிசல், சிக்னல், வேகத்தடை

ரோட்டைப் போடுவது ஒருவர், அதில் வண்டி ஓட்டத்தை ஒழுங்கு செய்வது இன்னொருவர். சிக்னல் நேரம், ஒருவழிப் பாதை, பார்க்கிங் தடை, கனரக வாகன நேரக் கட்டுப்பாடு எல்லாம் போக்குவரத்துக் காவல். கோடு போடுவது, பெயர்ப் பலகை, தடுப்புச் சுவர், நடைபாதை எல்லாம் ரோட்டின் சொந்தக்காரர். இதில் இன்னொரு சிக்கல், 2022 முதல் மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் போய்விட்டது. மாநகராட்சி எல்லை ஒன்று, போலீஸ் எல்லை வேறு.

எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நின்றால், அது சாலை அகலத்தால் வருவதில்லை. துறைமுக வாசலில் ஆவணச் சரிபார்ப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு வேகமாகத்தான் வால் குறையும். ரோட்டை இன்னும் அகலப்படுத்தினால் இரண்டு வரிசை மூன்றாகும், அவ்வளவுதான். நமக்குக் கேட்க உரிமை உள்ளது வேறு: ஒரு தடத்தையாவது ஆம்புலன்ஸுக்கும் பேருந்துக்கும் காலியாக விட வேண்டும், தெருமுனைகளை மறித்து நிறுத்தக் கூடாது. இரண்டும் போலீஸ் செய்ய வேண்டியவை, எழுதிக் கொடுத்தால் செய்யவும் செய்கிறார்கள்.

சிக்னல் ஒரு பக்கத்துக்கு மட்டும் நேரம் குறைவாக விழுகிறது என்றால் காலை, மாலை இரண்டு வேளையும் வரிசை எதுவரை நிற்கிறது என்று வீடியோ எடுத்துப் போக்குவரத்து ஆய்வாளரிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சைவிட அது எடுபடும்.

வேகத்தடையைத் தெருக்காரர்களே சிமெண்ட் குழைத்துப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். போடாதீர்கள். இந்திய சாலைப் பேராய விதிப்படி வட்ட முகட்டு வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நாம் போடுவதோ ஓர் அடி அகலத்தில் அதே உயரம். பின்னால் உட்கார்ந்து வரும் கர்ப்பிணிக்கும் முதுகுவலிக்காரருக்கும் அது தண்டனை. இருட்டில் பைக்கைத் தூக்கி அடிக்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல் என்று காரணத்தோடு போக்குவரத்துக் காவலுக்கு எழுதுங்கள். அவர்கள் பரிந்துரைத்தால் மாநகராட்சி போடும், வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் சேர்த்து.

நடைபாதைக் கடை பற்றிக் கேட்பீர்கள். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுதான் எங்கே கடை, எங்கே கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். ஆகவே 'கடையைத் தூக்கு' என்பதைவிட 'நடக்க 1.8 மீட்டர் விடு' என்று கேட்பது நியாயமும் ஆகும், நடக்கவும் செய்யும். நடைபாதைக்கு அதுதான் குறைந்தபட்ச அகலம். நடைபாதை மேல் கார் நிறுத்துபவர்களுக்கு இந்தச் சலுகை எல்லாம் கிடையாது, போலீசுக்குப் படம் அனுப்புங்கள்.

## 'புகார் முடிக்கப்பட்டது' என்று செய்தி வந்துவிட்டது, வேலை நடக்கவில்லை

எல்லாரையும் சோர வைப்பது இதுதான். கோபப்படுவதற்கு முன் செய்தியில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'வேறு துறைக்கு அனுப்பப்பட்டது' என்றிருந்தால் எந்தத் துறை என்று கேட்டு, அங்கே உங்கள் பெயரிலேயே புதிதாகப் புகார் கொடுங்கள். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் காகிதம் தானாக நடந்து போகும் என்று காத்திருக்க வேண்டாம். 'சரிசெய்யப்பட்டது' என்றிருந்தால் அன்றைய தேதி தெரியும்படி படம் எடுத்து அதே புகாரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

பதில் இல்லையா? ஏ.இ.க்கு மேல் உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மண்டல அலுவலர் என்று படி உண்டு. ஒவ்வொரு படிக்கும் நேரில் போனால் ஒரு நகலில் முத்திரை வாங்கி வாருங்கள். கவுன்சிலரிடம் சொல்வது தப்பில்லை. வார்டு மேம்பாட்டு நிதியில் சின்ன வேலைகள் சீக்கிரம் நடக்கும். ஏரியா சபை என்கிற பகுதி மக்கள் கூட்டம் நடந்தால் அங்கே சொல்லித் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். எதுவும் நகராவிட்டால் 1100, முதல்வரின் முகவரி. அங்கிருந்து கீழே வரும்போது அதே புகாருக்குக் கொஞ்சம் எடை கூடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ரோடு போட்ட கொஞ்ச நாளிலேயே பெயர்கிறது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தை எடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ரோடு ஏன் மோசம்' என்று கேட்டால் பதில் வராது, கருத்துக் கேட்பது தகவல் ஆகாது. இப்படிக் கேளுங்கள்: இந்தத் தெருவில் கடைசியாகச் சாலை போட்ட பணி ஆணையின் எண், தேதி, ஒப்பந்தக்காரர் பெயர், அளவீட்டுப் புத்தகத்தின் நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. அளவீட்டுப் புத்தகத்தை அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள், எத்தனை மில்லிமீட்டர் தார் போட்டதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். பெயர்ந்து கிடக்கும் துண்டை ஸ்கேல் வைத்து அளந்தால் மீதியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

பொறுப்புக் காலத்துக்குள் விழுந்த பள்ளத்தை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், மாநகராட்சி மறுபடி பணம் ஒதுக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவும் இருக்கிறது. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரத்தைக் காற்றில் விட்டதால் விபத்தில் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. எழுதும் கடிதத்தில் தேதியையும் இந்தப் பிரிவையும் சேர்த்தே குறிப்பிடுங்கள், நகலை மண்டல அலுவலருக்கும் அனுப்புங்கள்.